காசோலைப் புத்தகம் கைக்கு வந்த பிறகு

(கல்குடாவில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிணறு இறைப்பது, மிதிவெடி எச்சரிக்கை, காணி உறுதி ஆகியவற்றைப் பற்றி இந்தக் கூட்டங்களில் ஏற்கெனவே பேசிவிட்டோம். இன்றைக்கு என்னிடம் தந்திருப்பது வங்கிக் கணக்கு. தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு அம்மா சிரித்தார். "காசு இருந்தாத்தானே மகன் கணக்கு" என்றார். அது நியாயமான கேள்விதான். ஆனால் கையில் நிறையக் காசு உள்ளவர் கணக்கில் ஆயிரம் ரூபா பிசகினால் அதைத் தாங்கிக்கொள்வார். கூரைத் தகடு வாங்க வைத்த காசில் ஆயிரம் ரூபா பிசகினால் கூரை நின்றுவிடும். அதனால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

உங்களில் பலர் முதன்முதலாக வங்கி வாசலை மிதித்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. கடல்கோளில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பனவு அரச வங்கிகள் ஊடாக வந்தது. பிறகு வீட்டுக் கொடுப்பனவு வந்தது. முழுதாக உடைந்த வீட்டுக்கு 250,000 ரூபா நான்கு தவணையில், பகுதி சேதத்துக்கு 100,000 ரூபா இரண்டு தவணையில். அதற்குப் பிறகு யுத்தம். வாகரையிலிருந்து வந்தவர்கள் 2007 மார்ச்சிலிருந்து கட்டம் கட்டமாகத் திரும்பினீர்கள். கிரான் பக்கமும் படுவான்கரையும் அதற்குப் பிறகு. ஆகவே வங்கிப் புத்தகம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. இன்றைய பேச்சு அதற்கு அடுத்த படி. சேமிப்புக் கணக்கோடு இருந்தவர்கள் நடைமுறைக் கணக்குத் திறந்து, காசோலைப் புத்தகத்தோடு வீடு போகும்போது என்ன மாறுகிறது என்பதுதான் அது.

சேமிப்புக் கணக்கில் உள்ளதற்கு மேல் எடுக்க முடியாது. புத்தகத்தில் 3,200 ரூபா இருந்தால் அதற்குள்தான் எடுக்கலாம். அதிலும் வங்கி கணக்கைத் திறந்து வைத்திருக்கக் கேட்கும் குறைந்த தொகை உள்ளே கிடக்க வேண்டும். காசாளர் புத்தகத்தைப் பார்ப்பார், இல்லை என்றால் இல்லை என்பார். அதோடு முடிந்தது. நீங்கள் பிழை விட நினைத்தாலும் அந்தக் கணக்கு விடாது.

நடைமுறைக் கணக்கு அப்படியில்லை. அங்கே நீங்கள் காசை எடுப்பது வங்கியில் அல்ல, உங்கள் வீட்டு மேசையில். பேனையை எடுத்து ஒரு தாளில் தொகையை எழுதிக் கையெழுத்து வைத்த அந்த நேரத்தில் காசு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு அது இன்னும் தெரியாது. காசோலையை வாங்கியவர் அதை இன்றைக்குப் போடலாம், பத்து நாள் கழித்தும் போடலாம். காசோலை ஆறு மாதம் வரை செல்லுபடியாகும். அந்த இடைவெளியில் வங்கிக்குப் போய் மீதியைக் கேட்டால் அவர்கள் சொல்லும் தொகையில் நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட காசும் சேர்ந்திருக்கும். பெரும்பாலான பிரச்சினை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. களவும் இல்லை, ஏமாற்றும் இல்லை, மீதியை வங்கியிடம் கேட்டதுதான் காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாழைச்சேனையில் மொத்தக் கடையில் சாமான் எடுத்து, ஊரில் சில்லறைக் கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை அவருடைய கணக்கில் 18,500 ரூபா. அன்றைக்கு மொத்தக் கடைக்காரருக்கு 12,000 ரூபாவுக்குக் காசோலை எழுதிக் கொடுக்கிறார். மொத்தக் கடைக்காரருக்கு அந்த வாரம் வங்கிக்குப் போக நேரமில்லை. வியாழக்கிழமை நம்முடையவர் ஏ.டி.எம். அட்டையைப் போட்டுப் பார்க்கிறார். இயந்திரம் 18,500 காட்டுகிறது. மகளின் பாடசாலைச் செலவுக்கும் கடைக்குப் பலகை அடிக்கவும் 8,000 எடுக்கிறார். மீதி 10,500. வெள்ளிக்கிழமை மொத்தக் கடைக்காரர் காசோலையைப் போடுகிறார். கேட்கும் தொகை 12,000, இருப்பது 10,500. குறைவது 1,500 ரூபா.

இந்த இடத்தில் வங்கிக்கு இரண்டு வழி உண்டு. மேலாளர் உங்களை நம்பினால், அல்லது முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தால், 1,500 ரூபாவை வங்கி தன் காசிலிருந்து போட்டு 12,000த்தையும் கொடுக்கும். உங்கள் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போகும். இதற்குப் பெயர் மேலதிகப்பற்று. நம்பாவிட்டால் காசோலையைத் திருப்பி அனுப்பும். கவனியுங்கள், இருக்கிற 10,500 ரூபாவைக் கொடுத்துவிட்டு மீதியைப் பிறகு பார்ப்போம் என்று வங்கி செய்யாது. முழுத் தொகையும் திரும்பும். 1,500 ரூபா குறைவுக்காக 12,000 ரூபாக் காசோலை திரும்பும். திரும்பியதற்கு வங்கி உங்களிடம் கட்டணம் அறவிடும். போட்டவரிடம் அவருடைய வங்கியும் அறவிடலாம், அதை அவர் உங்களிடம்தான் கேட்பார்.

காசும் கட்டணமும் ஒரு பக்கம். மொத்தக் கடைக்காரர் அடுத்த முறை, "தம்பி, கைக்காசு கொண்டாங்க, சாமான் தாறன்" என்று சொல்வார். இடம்பெயர்ந்து திரும்பிய ஒருவருக்குக் கடனுக்குச் சாமான் தர ஒரு முதலாளி சம்மதிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தாள் திரும்பினால் அது போய்விடும்.

இனி மேலதிகப்பற்று. இது கெட்ட சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கியோடு பேசி, இத்தனை ஆயிரம் வரை, இத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் எல்லை போட்டு வாங்கினால் அது ஒரு கடன் வசதி. மாரிப்போக வேளாண்மை வெட்டும் நாட்களில் நெல் வாங்குகிறவருக்கு இரண்டு மூன்று வாரம்தான் காசு தேவை. ஆலைக்குக் கொடுத்ததும் காசு திரும்பும். அவருக்கு ஒரு வருடக் கடனை விட இது மலிவு, ஏனென்றால் வட்டி நாட்கணக்கில் ஓடும், எடுத்த தொகைக்கு மட்டும் ஓடும். வட்டி கொடுப்பதையும் வாங்குவதையும் மார்க்கம் தடுக்கிறது என்று விலகி நிற்கும் குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டு வாங்காவிட்டாலும், கணக்கு கீழே போன நாளிலிருந்து வட்டி தானாக ஓடும்.

பிரச்சினை, பேசாமல் தற்செயலாகப் போய் விழுகிற மேலதிகப்பற்றுத்தான். அதற்கு வட்டி வீதம் கூட, அதன் மேல் கட்டணமும் இருக்கும். உதாரணத்துக்கு ஆண்டுக்கு 24 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபா கீழே போய் 25 நாள் கிடந்தால் வட்டி சுமார் 658 ரூபா. உங்கள் வங்கியின் வீதம் என்ன என்பதைக் கணக்குத் திறக்கும் நாளிலேயே கேட்டு, காசோலைப் புத்தகத்தின் உள்மட்டையில் எழுதி வையுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பதில் சொல்வது அவர்களுடைய வேலை.

அடுத்தது நாள் கணக்கு. முந்தி மட்டக்களப்பில் எழுதிய காசோலை கொழும்பு வங்கிக்குப் போய் வர பல நாட்கள் எடுக்கும். தாள் லொறியிலும் ரயிலிலும் போக வேண்டும். வியாபாரிகள் அந்த நாட்களை நம்பியே எழுதுவார்கள். "இண்டைக்கு எழுதுவம், தாள் போய்ச் சேருறதுக்குள்ள காசைப் போட்டிரலாம்." அந்தப் பழக்கம் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறது. ஆனால் 2006 மே மாதத்திலிருந்து காசோலையின் படத்தைத்தான் கணினி வழியாக அனுப்புகிறார்கள். தெற்காசியாவிலேயே முதலில் இதைத் தொடங்கியது இலங்கை. வாழைச்சேனையில் இன்று போட்ட காசோலை, அது கொழும்புக் கணக்கின் மேல் எழுதியதாக இருந்தாலும், அடுத்த வேலைநாளில் தீர்ந்துவிடும். ஆகவே தாள் பயணம் செய்யும் நாட்கள் என்று ஒன்று இப்போது இல்லை. எழுதும் நேரத்தில் காசு கணக்கில் இருக்க வேண்டும்.

இதே வேகம் உங்களுக்கு வரும் காசோலைக்கும் உதவும், ஆனால் அங்கேயும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். மீன் முதலாளி தந்த காசோலையை வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டால் அது வெள்ளிக்கிழமைக் கணக்கில் போகாமல் திங்கட்கிழமைக்குத் தள்ளப்படலாம். திங்கட்கிழமை போயா என்றால் இன்னும் ஒரு நாள். சித்திரை வருடப்பிறப்பு வாரத்தில் இன்னும் மோசம். வங்கியில் போட்டதற்கான துண்டு கையில் இருக்கிறது என்பதால் காசு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் காசோலையும் திரும்பக்கூடும். அதை நம்பி நீங்கள் எழுதிய காசோலையும் அதன் பின்னால் திரும்பும். முதலாளியின் கணக்கில் காசு இல்லாததற்கு உங்கள் பெயர் கெடும்.

இப்போது வீட்டுக் கொடுப்பனவுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுப்பேன், ஏனென்றால் இந்தக் கூட்டங்களில் எங்களிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

வீட்டுக் காசு மொத்தமாக வருவதில்லை. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்க வேண்டும். அவர் எழுத வேண்டும். அந்தக் கடதாசி பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கிருந்து வங்கிக்குப் போக வேண்டும். இதில் ஒரு நாளும் உங்கள் கையில் இல்லை. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் பனிச்சங்கேணிக்கு அங்கால் உள்ள ஊர்களுக்கு உத்தியோகத்தர் வருவதே சிரமம்.

ஆனால் மேசனார் காத்திருக்க மாட்டார். சீமெந்து விலை காத்திருக்காது. அதனால் ஹாட்வெயார் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் சொல்கிறார்: "சாமானைக் கொண்டு போங்க, பிரச்சினை இல்ல. அடுத்த மாசம் பதினைஞ்சாம் திகதிக்கு ஒரு செக் எழுதித் தாங்க." நல்ல மனுசன் என்று நினைத்து எழுதிக் கொடுக்கிறீர்கள். அடுத்த மாதம் பதினைந்தில் தவணை வரும் என்று யார் சொன்னது? நீங்களே சொல்லிக்கொண்டது. பின்திகதி போட்ட அந்தக் காசோலை கடைக்காரரின் மேசை லாச்சியில் கிடக்கிறது. பதினைந்தாம் திகதி அவருடைய பையன் அதைக் கொண்டு போய் வங்கியில் போடுகிறான். உங்கள் தவணையோ பிரதேச செயலகத்தில் கோவைக்குள் இருக்கிறது.

உங்கள் வசத்தில் இல்லாத ஒரு திகதியை நம்பிக் காசோலை எழுத வேண்டாம் என்பதுதான் நாங்கள் சொல்வது. கடன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் இல்லாமல் எங்கள் பகுதியில் யாரும் வீடு கட்டியதில்லை. கடைக்காரரிடம் கொப்பிக் கடன் கேளுங்கள். உங்கள் வீட்டுத்திட்டக் கடிதத்தின் பிரதியைக் காட்டுங்கள். "தவணை வந்த அண்டைக்கே உங்களுக்குத்தான் முதல் காசு" என்று பேசுங்கள். மறுத்தால், சாமானைத் தவணைக்குத் தவணை பிரித்து எடுங்கள். அத்திவாரத் தவணையில் அத்திவாரத்துக்கு வேண்டிய கல்லும் சீமெந்தும் மட்டும். கூரைக்கு மரம் மலிவாக வருகிறது என்று அப்போதே முற்பணம் கொடுத்தால், அத்திவாரம் முடியாமல் அடுத்த தவணையே வராது. இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் மழைக்காலத்தைக் கிடுகுக்குக் கீழே கழிக்க வேண்டி வரும்.

வீட்டுக் காசு வரும் கணக்கும் வியாபாரக் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டாம் என்பதும் என் எண்ணம். வீட்டுக் காசு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அதிலிருந்து தேவைக்கு எடுங்கள். நடைமுறைக் கணக்கில் பெரிய தொகை கிடந்தால் கை தானாகக் காசோலை எழுதும்.

அந்தச் சேமிப்புக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. தாய் மகளுக்கு எழுதுவதுதான் வழமை, சீதனமாகக் காணியும் வளவும் அவளுக்குத்தான். ஆனால் கடல்கோளுக்குப் பிறகு வந்த படிவங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் ஆண்களின் பெயரே போனது. பெண்ணின் வளவில் கட்டும் வீட்டுக்குக் காசு கணவனின் கணக்கில் வந்தது. இதை மாற்ற வேண்டும் என்று மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. உங்கள் படிவத்தில் இன்னும் மாற்ற இடம் இருந்தால் இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காகத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் எடுக்க இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். கணவர் கடலுக்குப் போகிற வீடுகளில் இது கொஞ்சம் கரைச்சல்தான், ஆள் கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இருந்தாலும் கூரைக் காசு மோட்டார் சைக்கிளாக மாறுவதை அது தடுக்கும்.

இரவல் காசோலை பற்றி இனிச் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கணக்கு இல்லை, கடைக்காரர் காசோலை கேட்கிறார். உடனே மச்சானிடம் போய், "ஒரு தாள் தா" என்கிறீர்கள். அல்லது உங்களிடம் கணக்கு இருக்கிறது, அண்ணன் வந்து கேட்கிறார். மறுக்க வாய் வராது. கையெழுத்தைப் போட்டு, தொகையை அவர் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறீர்கள். அந்தத் தாள் திரும்பினால் வங்கிக்கு அண்ணனைத் தெரியாது. பொலிஸுக்கும் தெரியாது. கையெழுத்து வைத்தவரைத்தான் தெரியும். கடன் கொடுக்கும் சிலர் பிணைக்குப் பதிலாகத் தொகை எழுதாத, கையெழுத்து மட்டும் வைத்த தாள்களைக் கேட்பதும் உண்டு. மூன்று தாள், நான்கு தாள் என்று. வெறும் தாளில் கையெழுத்து வைப்பது, உங்கள் வளவுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு முகாமுக்குப் போவது போன்றது. கடன் கட்டி முடித்தால் அந்தத் தாள்களை எண்ணி, இலக்கம் பார்த்துத் திரும்ப வாங்குங்கள். ஏற்கெனவே கொடுத்திருக்கிறவர்கள் இன்றைக்கே போய் எத்தனை தாள், என்ன இலக்கம் என்று எழுதி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25ஆம் பிரிவில், கணக்கில் போதிய பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதிக் கொடுப்பது குற்றம். ஒரு வருடம் வரை சிறை விதிக்கலாம். அல்லது 10,000 ரூபாவோ, காசோலைத் தொகையின் 10 வீதமோ, எது கூடவோ அதைத் தண்டமாக விதிக்கலாம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். "தெரிந்துகொண்டே" என்ற சொல் முக்கியம். கணக்குப் பிசகால் நடந்தது வேறு. ஆனால் தெரியாமல் எழுதினேன் என்று நீங்கள் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வரலாம். அங்கே உங்கள் கையில் ஒரு கொப்பியாவது இருந்தால் உதவும்.

சட்டத்துக்குப் போகாவிட்டாலும் இன்னொன்று இருக்கிறது. அதே 1990இல், 18ஆம் இலக்கச் சட்டத்தால், கொடுகடன் தகவல் பணியகம் என்று ஒன்றை அமைத்தார்கள். வங்கிகளில் யார் கடன் எடுத்தார், யார் கட்டவில்லை, பணமில்லாமல் யாருடைய காசோலை திரும்பியது என்ற விபரங்கள் அங்கே சேரும். வாழைச்சேனையில் ஒரு வங்கியில் திரும்பிய காசோலையை மட்டக்களப்பு நகரில் இன்னொரு வங்கி பார்க்கும். நாளைக்கு வள்ளத்துக்கு எஞ்சின் எடுக்கக் கடன் கேட்டால், முதலில் அந்தக் கடதாசியைத்தான் எடுப்பார்கள்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், கோயில், பள்ளிவாசல் நிர்வாகம், இவற்றில் பொருளாளராக இருப்பவர்கள் இங்கே நாலைந்து பேர் தெரிகிறார்கள். எங்களைப் போன்ற அமைப்புகள் தரும் காசு சங்கத்தின் கணக்குக்குக் காசோலையாகத்தான் வரும். வெளியே போவதும் இருவர் கையெழுத்தில்தான். தலைவி ஏறாவூருக்கோ கொழும்புக்கோ போகும்போது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பத்துத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவது பல இடங்களில் வழமையாகிவிட்டது. நம்பிக்கையால் செய்வது, தெரியும். ஆனால் இருவர் கையெழுத்து என்ற ஏற்பாடே, பிறகு ஒருவர் மேல் பழி விழாமல் இருக்கத்தான். பத்துத் தாளில் கையெழுத்து வைத்த தலைவியால் நாளைக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. பொருளாளருக்கும் தன்னைக் காப்பாற்றச் சாட்சி இல்லை.

காசோலைப் புத்தகத்தை வைத்திருப்பது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு தாளுக்கும் இடப்பக்கம் ஒரு அடிக்கட்டை இருக்கும். தாளை எழுதுவதற்கு முன்னால் அடிக்கட்டையை எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள். திகதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, மீதி எவ்வளவு. இதையே ஒரு சி.ஆர். கொப்பியிலும் எழுதுங்கள். திகதி, வரவு, செலவு, மீதி என்று நாலு கோடு. காசோலை எழுதிய அன்றே மீதியில் கழித்துவிட வேண்டும், வங்கியில் கழித்ததா இல்லையா என்று பார்க்க வேண்டாம். வங்கி எடுக்கும் கட்டணம், காசோலைப் புத்தகத்துக்கான காசு, லீசிங்குக்கு மாதாமாதம் தானாகப் போகும் காசு இருந்தால் அது, எல்லாவற்றையும் எழுதுங்கள். தானாகப் போகும் காசைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். நடைமுறைக் கணக்குக்கு வங்கி மாதக் கூற்று அனுப்பும். திரும்பி வந்த ஊரில் தபால் ஒழுங்காக வராவிட்டால் நேரில் போய்க் கேட்டு வாங்குங்கள். கொப்பியையும் கூற்றையும் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாகச் சரி பாருங்கள். கொப்பியில் இருந்து கூற்றில் இல்லாதவைதான் இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள். அவை யாரிடம் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூற்றில் இருந்து கொப்பியில் இல்லாதது ஏதும் இருந்தால் உடனே வங்கியில் கேளுங்கள். எழுத்து வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பெரிய கணக்கில்லை. கைநாட்டு வைப்பவர்களுக்கு என் ஆலோசனை, சேமிப்புக் கணக்கோடு நில்லுங்கள் என்பதே.

எழுதும்போது தொகைக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விடாதீர்கள். வெட்டித் திருத்தாதீர்கள், பிழைத்தால் தாளைக் கிழித்து "இரத்து" என்று அடிக்கட்டையில் எழுதி, வேறு தாள் எடுங்கள். மூலையில் இரண்டு குறுக்குக் கோடு போட்டால் அதைக் கணக்கில் போட்டுத்தான் எடுக்கலாம், யாரும் காசாளரிடம் நீட்டிக் கைக்காசாக வாங்க முடியாது. தமிழிலேயே எழுதலாம்.

இடம்பெயர்வில் காசோலைப் புத்தகத்தை வீட்டில் விட்டு ஓடியவர்களும் இருக்கிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் அலுமாரியும் இல்லை, புத்தகமும் இல்லை. காசு எடுத்திருக்க மாட்டார்கள் என்று சும்மா இருக்க வேண்டாம். வங்கிக்குப் போய் அந்தத் தாள்களுக்குக் கொடுப்பனவை நிறுத்தும்படி எழுத்தில் கொடுங்கள். இலக்கம் நினைவில்லாவிட்டாலும் எந்தப் புத்தகம் உங்களுக்கு எப்போது கொடுத்தார்கள் என்பது அவர்களிடம் பதிவில் இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி கேட்கலாம், அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். நீண்ட நாள் போடலும் எடுப்பும் இல்லாத கணக்கை வங்கி ஒதுக்கி வைத்திருக்கும். காசு அழிந்துவிடவில்லை. அடையாள அட்டையோடு போய் எழுதிக் கொடுத்தால் திரும்பத் திறப்பார்கள்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் குறைந்துவிட்டது, நாளைக்குக் காசோலை வரப்போகிறது என்று வையுங்கள். அப்போது என்ன செய்வது?

முதலில் காசோலையை வாங்கியவரிடம் போங்கள். வங்கிக்கு அல்ல, அவரிடம். "முதலாளி, நாலு நாள் பிந்திப் போடுங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். திரும்பிய பிறகு சொல்வதற்கும் முன்னால் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். போட்டுவிட்டேன் என்று சொன்னால், காலையில் வங்கி திறக்கும் நேரத்துக்குப் போய், குறையும் காசை உங்கள் கணக்கில் கட்டுங்கள். அதற்காக நகை அடகு வைப்பதென்றால் வங்கியிலேயே வையுங்கள், நாள் வட்டிக்காரரிடம் போக வேண்டாம். 1,500 ரூபாவுக்காக நாள் வட்டி எடுத்தவர் அதைக் கட்ட இன்னொரு காசோலை எழுதுவார். அதுவும் முடியாவிட்டால் மேலாளரைச் சந்தித்து, இத்தனை நாளுக்கு என்று தற்காலிக மேலதிகப்பற்றுக் கேளுங்கள். அவர் கட்டாயம் தர வேண்டும் என்றில்லை. ஆனால் கொப்பியோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் அவர் சொல்லும் பதில் வேறு வேறாக இருக்கலாம். காசு இல்லாததை மறைக்கக் காசோலையை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுப்பது தப்பும் வழி அல்ல, அது வழக்கில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

திரும்பியே விட்டதா? காசைக் கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, அந்தக் காசோலையையும் வங்கி கொடுத்த திரும்பல் துண்டையும் கேட்டு வாங்குங்கள். பணம் கிடைத்தது என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். காசு கொடுத்து, தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தால், ஆறு மாதத்துக்குள் அது இன்னொரு முறை வங்கிக்குப் போகலாம்.

இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருக்கிறது. வாசலில் மேசை போட்டிருக்கிறோம், அதில் சி.ஆர். கொப்பிகளும் பேனைகளும் இருக்கின்றன, குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிப் புத்தகம் கொண்டு வந்தவர்கள் அதையும் எடுத்து வாருங்கள், முதல் பக்கத்தை இங்கேயே சேர்ந்து எழுதுவோம். பின்திகதி போட்ட காசோலை யாரிடமாவது கொடுத்திருக்கிறவர்கள் என்னிடம் தனியாக வரலாம். திகதியையும் தொகையையும் மட்டும் சொன்னால் போதும், யாருக்குக் கொடுத்தது என்று கேட்க மாட்டேன்.